பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் மண்ணிவாக்கம், கரசங்கால் தாண்டினால் படப்பை. அதற்கும் மேற்கே ஒரகடம். 2010இல் அங்கே ரெனோ-நிசான் கார் ஆலை திறந்தது. அதையொட்டி வந்த தொழிற்சாலைகளும், உதிரிபாகப் பட்டறைகளும், கட்டட வேலைக்கு வந்தவர்களும் சேர்ந்து இந்தச் சாலையோர ஊர்களின் பேச்சையே மாற்றிவிட்டார்கள். வரிசை வீடுகளில் ஒரு கதவுக்குப் பின்னால் ஒடியா, அடுத்ததில் போஜ்புரி, அதற்கடுத்து திருவண்ணாமலைத் தமிழ். காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, கோடை முடியும்வரை கல் அறுத்துவிட்டுத் திரும்பும் வழக்கம் அதற்கும் முந்தையது. இவர்களின் பிள்ளைகளில் பள்ளிக்குப் போக வாய்த்தவர்கள், உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருமிடம் அரசுத் தொடக்கப் பள்ளியின் வகுப்பறை.

அப்படி ஒரு மூன்றாம் வகுப்பை நினைத்துக்கொள்வோம். அதில் மூன்று பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை. ஒருவன் சூளையில் வேலை செய்பவரின் மகன், வீட்டில் ஒடியா. இரண்டாமவள் உள்ளூர்ப் பெண். தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவள், பேச்சில் படுசுட்டி. மூன்றாமவனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும், காதில் சீழ் வடியும். எழுந்து படி என்றால் மூவரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நாற்பது பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய ஆசிரியை மூவருக்கும் ஒரே குறிப்பைத்தான் எழுதுவார்: ‘வாசிக்கத் தெரியவில்லை, கவனம் இல்லை.’ மூவருக்கும் ஒரே வைத்தியமும் நடக்கும். சாயங்காலம் அரைமணி நேரம் கூடுதலாக உட்காரவைத்து, அதே பாடத்தை இன்னும் உரக்கச் சொல்லித்தருவது.

ஒடியா பையனிடம் இல்லாதது மொழி. அந்தப் பெண்ணிடம் மொழி நிறைய இருக்கிறது. எழுத்தை ஒலியாக மாற்றும் இடத்தில் அவளுக்குச் சிக்கல். மூன்றாமவனுக்கு ஆசிரியையின் குரலே பாதிதான் எட்டுகிறது. வெளியில் தெரிகிற மௌனம் ஒன்றுதான். உள்ளே இருக்கும் காரணத்தைப் பிரித்தறியாமல் கொடுக்கும் கூடுதல் பயிற்சி, மூவரில் ஒருவருக்கும் பயன்படாது. இதைப் பிரித்தறிய என்ன வழி என்று அறிவியல் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நிறையக் கண்டுபிடித்திருக்கிறது. அதில் பெரும்பகுதி ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளை வைத்துக் கண்டது என்பதால், தமிழ் வகுப்பறைக்கு அதை அப்படியே தூக்கிவர முடியாது. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு சூத்திரம். 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும், காதால் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே படித்துப் புரிந்துகொள்ளும் திறன். அவர்கள் கூட்டலை விட்டுப் பெருக்கலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். மற்றொன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காப்பாற்றாது.

இந்தச் சூத்திரத்திலிருந்து எந்தக் கருவியும் வேண்டாத ஒரு சோதனை பிறக்கிறது. பாடப்புத்தகத்தில் பிள்ளை படிக்கத் திணறிய அதே கதையை, ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக்காட்டிவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். உள்ளூர்ப் பெண் கதையை முழுசாகச் சொல்லிவிடுவாள். கதையில் வரும் காக்கா ஏன் அப்படிச் செய்தது என்று தன் கருத்தையும் சேர்த்துச் சொல்வாள். ஒடியா பையன் விழிப்பான். ஆனால் நான்கு மாதத்தில் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு, பத்தியைக் கடகடவென்று சத்தமாகப் படிக்கவும் செய்வான், ஒரு சொல்லும் புரியாமல். மூன்றாமவனின் பதில், ஆசிரியை எந்தப் பக்கம் உட்கார்ந்தார், மின்விசிறி ஓடியதா என்பதையெல்லாம் பொறுத்து மாறும். பத்து நிமிட வேலை. இது நோயறிதல் ஆகாது. எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். அதுவே இன்று பல பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

உள்ளூர்ப் பெண்ணிடம் கொஞ்சம் அதிக நேரம் இருப்போம். அவளுக்கு இருப்பது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கூர்மையான பையன், கண் நன்றாகத் தெரியும், கணக்கு வரும். படிக்க மட்டும் வரவில்லை. பிறகு 1925இல் அமெரிக்காவின் அயோவாவில் சாமுவேல் ஆர்ட்டன் இத்தகைய பிள்ளைகள் எழுத்துகளை இடவலமாகத் திருப்பிப்போடுவதைக் கவனித்து, மூளையின் இரு பாதிகளும் பிம்பங்களைக் குழப்பிக்கொள்கின்றன என்று விளக்கம் சொன்னார். அந்த விளக்கம் பின்னாளில் நிற்கவில்லை. ஆனாலும் ‘டிஸ்லெக்சியா என்றால் எழுத்து திரும்பித் தெரியும்’ என்ற எண்ணம் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. 2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படம் நம் வீடுகளில் இந்தச் சொல்லைப் பேசவைத்தது. எழுத்துகள் ஆடும், திரும்பும் என்ற படிமத்தையும் கூடவே கொண்டுவந்து சேர்த்தது.

எழுத்தைத் திருப்பிப்போடுவது நோயின் அடையாளமே அல்ல. கற்கத் தொடங்கும் எல்லாப் பிள்ளைகளும் செய்வது. எழுத்து என்ற பொருள் தோன்றி ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் சிறிதுதான் ஆகிறது. அதற்கென்று ஒரு தனிப் பகுதி மூளையில் உருவாக அது போதாது. பிரான்சின் நரம்பியலாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹான் விளக்குவதுபோல், முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பார்வைப் பகுதியின் ஒரு துண்டைத்தான் வாசிப்பு தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் பகுதிக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. இடப்பக்கம் திரும்பி நிற்கும் மாடும் வலப்பக்கம் திரும்பி நிற்கும் மாடும் அதற்கு ஒரே மாடு. காட்டில் பிழைக்க அது நல்ல பழக்கம். ஆங்கிலத்தின் ‘பி’, ‘டி’ என்ற சின்ன எழுத்துகளைப் படிக்கும்போது அதுவே இடைஞ்சல், ஏனென்றால் வட்டம் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் அங்கே வேறுபாடே.

தமிழில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக நிற்கும் எழுத்து இணை கிடையாது. இது சாதாரணத் தகவலாகத் தோன்றலாம். எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் இதைத் தமிழர்களிடமே சோதித்தார். எழுத்தறியாதவர்கள், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள், ஆங்கில எழுத்தும் சேர்ந்து தெரிந்தவர்கள் என்று மூன்று வகையினருக்குக் கோட்டு வடிவங்களைக் காட்டிய அந்த ஆய்வு 2003இல் வெளியானது. இடவலம் திரும்பிய வடிவத்தை ‘இது வேறு’ என்று எளிதில் பிரித்தவர்கள் ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள். தமிழ் மட்டும் படித்தவர்கள் எழுத்தறியாதவர்களின் பக்கமே நின்றார்கள். தமிழ் வாசிப்பு அந்தத் திறமையைக் கேட்பதில்லை, அதனால் கண் அதைக் கற்றுக்கொள்ளவும் இல்லை. ஆக, ஆங்கிலக் கையேட்டிலிருந்து மொழிபெயர்த்த வினாப்பட்டியலில் ‘எழுத்தைத் திருப்பி எழுதுகிறாளா?’ என்ற கேள்வியை வைத்துக்கொண்டு படப்பையில் ஒரு பிள்ளையைச் சோதித்தால், ‘இல்லை’ என்ற பதில் வரும், அவளுக்குக் குறை இல்லை என்ற தவறான முடிவும் கூடவே வரும்.

தமிழில் திணறும் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறாள் என்று பார்க்க அவளுடைய நோட்டைப் புரட்டினால் போதும். ‘கப்பல்’ என்பதைக் ‘கபல்’ என்று எழுதியிருப்பாள். ‘பந்து’ ‘பது’ ஆகியிருக்கும். ஒற்று விழுந்துவிடும், குறில் நெடிலாகும், ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் போய்விடும். மூன்று சுழி, இரண்டு சுழி, சின்ன ர, பெரிய ற குழப்பத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பேச்சில் பெரும்பாலோர் வேறுபடுத்தாத ஒலிகள் அவை; நன்றாகப் படித்தவர்களும் தவறுகிறார்கள். ஒற்று விழுவது வேறு வகை. அது ஒலியைப் பிரிப்பதில் இருக்கும் சிரமத்தின் தடயம்.

1974இல் இசபெல் லிபர்மன் குழுவினர் அமெரிக்கப் பிள்ளைகளிடம் ஒரு சிறு குச்சியைக் கொடுத்து, ஒரு சொல்லில் எத்தனை அசை இருக்கிறதோ அத்தனை தரம் தட்டச் சொன்னார்கள். நான்கு வயதில் ஏறக்குறைய பாதிப் பேர், 46 சதவீதம், சரியாகத் தட்டினார்கள். அசைக்குப் பதிலாகத் தனித்தனி ஒலியைத் தட்டச் சொன்னபோது அதே வயதில் ஒருவரால்கூட முடியவில்லை. முதல் வகுப்பு முடியும்போது அசையில் 90 சதவீதமும் தனி ஒலியில் 70 சதவீதமும் தேறினார்கள். பேச்சைத் தனி ஒலிகளாக உடைப்பது தானாக வருவதில்லை. எழுத்துக் கற்கும்போதுதான் கூடவே வருகிறது. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு இந்த இடத்தில்தான் இறுக்கம். கண்ணில் கோளாறு இல்லை, அறிவில் குறைவு இல்லை, சோம்பலும் இல்லை.

‘தமிழ் உயிர்மெய் எழுத்துகளின் மொழி, அசையைப் பிரிக்கத் தெரிந்தால் போதுமே’ என்று கேட்கலாம். ‘கப்பல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கை தட்டிச் சொன்னால் கப்–பல் என்று இரண்டு தட்டு. எழுதும்போது நான்கு எழுத்து. அதில் இரண்டு வெறும் மெய். வாயில் தனியாக நிற்காத ‘ப்’பையும் ‘ல்’லையும் பிள்ளை தன் மனத்தில் பிரித்தெடுத்துத் தனி இடம் கொடுக்க வேண்டும். அசையும் தெரிய வேண்டும், தனி ஒலியும் தெரிய வேண்டும். தமிழ் எழுத்து இரண்டு வேலையையும் ஒன்றாகக் கேட்கிறது.

சோவியத் உளவியலாளர் டேனியல் எல்கோனின் இதற்கு ஒரு வழி வகுத்தார்: ஒலிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு காய். படப்பையில் அதற்குப் புளியங்கொட்டை போதும். தரையில் சாக்கட்டியால் நான்கு கட்டம் போட்டு, ‘க’ என்று சொல்லி ஒரு கொட்டை, உதடு மூடி நிற்கும்போது ஒன்று, உதடு திறக்கும்போது ஒன்று, நாக்கு மேலே ஒட்டும்போது ஒன்று. இரண்டாவது கட்டத்தைப் பிள்ளை தாண்டிப் போகப் பார்ப்பாள். அப்போது அவள் விரலை அங்கேயே நிறுத்தி, உதட்டை மூடி ஒரு கணம் காத்திருக்கச் செய்தால், அந்த இடைவெளிக்கும் ஓர் எழுத்து உண்டு என்பது அவளுக்கு வாயிலேயே புலப்படும். பிறகுதான் எழுத்து வர வேண்டும். எழுத்தை முதலில் காட்டி நூறு தரம் எழுதச் சொல்வது இந்தப் பிள்ளைக்குத் தண்டனை மட்டுமே.

இன்னொரு தடங்கல் கொம்பு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் உயிரின் குறி மெய்யைச் சுற்றி இரண்டு பக்கமும் நிற்கிறது. கண் இடமிருந்து வலமாகப் போகிறது, நாக்கு வேறு வரிசையில் சொல்ல வேண்டும். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு உயிர்களும் பதினெட்டு மெய்யோடு சேரும்போது இப்படி இடப்பக்கம் குறி நிற்பவை 108. அதாவது 216 உயிர்மெய்யில் சரிபாதி. தேவநாகரியில் இப்படி முன்னால் நிற்கும் இகரக் குறி உள்ள சொற்களை வாசிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று ஜோத்ஸ்னா வைத், அஷும் குப்தா 2002இல் காட்டினார்கள். தேறிய வாசகருக்கு அது நொடியில் சிறு பின்னம். எழுத்தோடு போராடும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லிலும் காத்திருக்கும் தடைக்கல். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, றா, னா போன்ற 13 எழுத்துகளின் தனி வடிவத்தைக் கைவிட்டதை அரசியலாகவே பேசிவருகிறோம். மனப்பாடச் சுமை தாங்காத பிள்ளைகளுக்கு அது செய்த உதவியை யாரும் பேசிக் கேட்டதில்லை. உகர, ஊகாரக் குறிகள் இன்னும் மெய்க்கு ஒரு வடிவமாக மாறிக்கொண்டேதான் இருக்கின்றன: கு, சு, டு, மு. திணறும் பிள்ளைக்கு இந்த வரிசையைத் தனியாக, மெதுவாக, மற்ற எல்லாம் படிந்த பிறகு சொல்லித்தருவது நல்லது.

எழுத்துகள் முழுக்கப் படிய எவ்வளவு காலம் ஆகும் என்பதிலும் நாம் அவசரப்படுகிறோம். கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியான ஆய்வு, நம் வகை எழுத்துகளைக் கற்பது ஆங்கிலத்தின் 26 எழுத்தைப் போல முதல் வகுப்போடு முடிவதில்லை, தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகளுக்கு நீளுகிறது என்று காட்டியது. தமிழின் பட்டியல் கன்னடத்தைவிடச் சிறியது. ஆனாலும் இரண்டாம் வகுப்பில் சில எழுத்துகள் வராததைக் கண்டு பதற வேண்டியதில்லை. பதற வேண்டியது, வந்த எழுத்தும் மறுநாள் காணாமல் போகும்போது.

ஒடியா பையனுக்கு வருவோம். ஜேனட் வெர்க்கர் 1984இல் கனடாவில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் கைக்குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் இந்தியின் ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுப் பிரித்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் மங்கிவிட்டது. தன் வீட்டில் பயன்படாத வேறுபாட்டைக் காது ஒதுக்கிவிடுகிறது. ஒடியாவில் ‘ள’வும் ‘ண’வும் உண்டு, அதனால் அவை இந்தப் பையனுக்கு எளிது. இந்தி வீட்டுப் பிள்ளைக்கு ‘ள’ கடினம். ‘ழ’ இருவருக்கும் புதிது. தன் மொழியில் வல்லொலி, மூச்சொலி, மெல்லொலிக்கெல்லாம் தனி எழுத்துக் கண்டு பழகியவனுக்கு, ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் ஒரே ‘க’ வேறு வேறாக ஒலிப்பது வியப்பாகத்தான் இருக்கும். அவன் செய்யும் பிழைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அவனுடைய தாய்மொழி தெரிந்தால் அவற்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம். டிஸ்லெக்சியா பிழைகளுக்கு அந்த ஒழுங்கு இருக்காது. நேற்று சரியாக எழுதியதை இன்று தவறாக எழுதச் செய்வது அது.

மொழி தெரியாததை அறிவுக் குறை என்று எண்ணிவிடுவது உலகெங்கும் நடந்த தவறு. 1970இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. ஸ்பானிஷ் பேசும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானிஷில் மறுபடி சோதித்ததும் பெரும்பாலோரின் மதிப்பெண் அந்த எல்லையைத் தாண்டி ஏறிவிட்டது. பிள்ளையின் தாய்மொழியில்தான் சோதிக்க வேண்டும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. கனடாவில் ஜிம் கம்மின்ஸ், குடியேறிய பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் எழுதிய பரிந்துரைகளையும் உளவியலாளர் அறிக்கைகளையும் 400க்கு மேல் படித்துப் பார்த்தார். அவர் கண்ட முக்கியமான உண்மை ஒன்று நம் ஆசிரியர்களுக்கு உடனடியாகப் பயன்படும். புது மொழியில் விளையாட்டுத் திடல் பேச்சு இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடுகிறது; பாடப்புத்தக மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகிறது. ‘நல்லாத்தானே தமிழ் பேசுறான், படிக்க மட்டும் ஏன் வரலை?’ என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. தமிழில் இந்த இடைவெளி இன்னும் அகலம். திடலில் ‘இருக்கு’, ‘அவங்க’, ‘வந்துட்டான்’. புத்தகத்தில் ‘இருக்கிறது’, ‘அவர்கள்’, ‘வந்துவிட்டான்’. உள்ளூர்ப் பிள்ளைக்கே பாதி புது மொழி.

அப்படியானால் ஒடியா பையனுக்கும் டிஸ்லெக்சியா இருந்தால் எப்படித் தெரியும்? இருக்கக்கூடாது என்று விதியில்லை. மொழி தெரியாதவனிடம் எதையும் தேடாமல் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று ஐந்தாம் வகுப்புவரை விடுவதும் அநீதிதான். இதற்கு இரண்டு வழி. ஒன்று, பெற்றோரிடம் கேட்பது: முதல் சொல் எப்போது பேசினான், ஒடியாவில் கதை சொல்வானா, அண்ணனைவிடப் பேச்சு தாமதமா, வீட்டில் வேறு யாருக்கும் படிப்பு வராமல் இருந்ததா. உண்மையான மொழிக் குறை இருந்தால் அது எல்லா மொழியிலும் தெரியும், ஒன்றில் மட்டும் ஒளிந்திருக்காது. இரண்டாவது, தெரிந்ததைச் சோதிக்காமல் கற்கும் வேகத்தைச் சோதிப்பது. புதிதாக ஐந்து சொல், பொருளோடு, படத்தோடு சொல்லித்தந்து, கால் மணி கழித்தும் மறுநாளும் கேட்க வேண்டும். எந்த மொழியிலும் இல்லாத சொற்களை, ‘தபுனி’, ‘மிகோலு’ போல, சொல்லித் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். தமிழ் தெரியாததால் பின்தங்கியவன் இவற்றில் மற்றவர்களோடு சமமாக ஓடுவான்.

மூன்றாமவனின் காது கதை சுருக்கமானது, ஆனால் எனக்கு மிகுந்த கோபம் வரவழைப்பது. நடுக்காதில் நீரோ சீழோ கோத்தால் கேட்கும் திறன் 20 முதல் 40 டெசிபல்வரை குறையலாம். அந்த அளவில் உயிரொலிகள் கேட்கும். ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற வலுக்குறைந்த ஒலிகள் நழுவும். பேச்சுத் தமிழில் சொல்லின் கடைசி ‘ம்’மும் ‘ன்’னும் மூக்கொலியாகத் தேய்ந்துவிடுவதால் அவையும் போகும். ஆசிரியையின் குரல் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், திறந்த வெளியில், 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் இருப்பவனுக்கும் நான்கு மீட்டரில் இருப்பவனுக்கும் 12 டெசிபல் வித்தியாசம். சுற்றுச் சத்தத்தைவிட ஆசிரியை குரல் 15 டெசிபலாவது மேலே இருந்தால்தான் பிள்ளைகளுக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது கணக்கு. மேலே மின்விசிறி, வெளியே ஒரகடத்திலிருந்து கார் ஏற்றிக்கொண்டு போகும் நீள லாரிகள். கடைசி வரிசையில் அவன் என்னதான் செய்வான்?

இந்த அளவு செவிக் குறைவுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதுதான் கொடுமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு குறைபாடுகளை 21 ஆக விரித்தது. டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாட்டைச் சேர்த்தது. பெரிய முன்னேற்றம். ஆனால் அதன்படி இரு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர். 35 டெசிபல் இழந்த பையனுக்குச் சான்றிதழ் கிடைக்காது, கருவி கிடைக்காது, சிறப்புப் பயிற்றுநரின் பட்டியலிலும் பெயர் ஏறாது. அவனுக்கு வேண்டியது காது மருத்துவரின் மருந்தும் முதல் வரிசையில் ஓர் இடமும் மட்டுமே. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்குத் தமிழ்நாட்டில் நல்ல வழிகள் திறந்திருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா கைக்குழந்தைகளையே சேர்த்துக்கொண்டு பேச்சுப் பயிற்சி தருகிறது. மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தினால் மூளையின் ஒலிப் பாதை ஏறக்குறைய இயல்பாக வளர்கிறது, ஏழுக்கு மேல் அந்த வாய்ப்பு பெரிதும் குறைகிறது என்று அனு சர்மா 2002இல் காட்டியது அந்த அவசரத்துக்கு வலுச் சேர்த்தது. அந்த அவசரம் சீழ் வடியும் காதுக்கு இல்லை.

கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்குப் பிறகே சான்றிதழ் என்றது 2018இன் மத்திய அரசு வழிகாட்டி. அதற்கு நியாயம் உண்டு. சின்ன வயதில் தாமதத்தையும் குறைபாட்டையும் பிரிப்பது கடினம். சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு எல்லாம் உண்டு. ஆனால் சான்றிதழுக்குக் காத்திருக்கும் வயதும் உதவி அதிகம் பலிக்கும் வயதும் ஒன்றுதான். புளியங்கொட்டைக்குச் சான்றிதழ் எதற்கு? 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, வயதைவிட நிலையைப் பார்க்கச் சொன்னது. அது சரியான திசை. இரண்டு ஆண்டாக அரும்பிலேயே நிற்கும் பிள்ளையைப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்கும் அடுத்த படியும் அதில் சேர வேண்டும். தேசிய மூளை ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட டிஸ்லெக்சியா சோதனைத் தொகுப்பு முதலில் வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில். கொம்பையும் ஒற்றையும் கணக்கில் எடுக்கும் தமிழ்ச் சோதனை ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் இருப்பது அடிப்படைத் தேவை.

எப்படிக் கற்பிப்பது என்பதில் நமக்கு வெளியிலிருந்து அதிகம் வர வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார்கள். 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் அதைக் கண்டு தன் பள்ளியில் புகுத்தினார். 1797இல் லண்டனில் நூலாக எழுதினார். விரலும் காதும் கண்ணும் சேர்ந்து கற்பது டிஸ்லெக்சியா பயிற்சியில் இன்று முக்கியமான உத்தி. எழுத்தை விரலால் தடவிக் கற்ற பிரெஞ்சு மழலையர், கண்ணால் மட்டும் பார்த்தவர்களைவிட எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை நன்றாகப் பிடித்துக்கொண்டதை 2004இல் ஃப்ளோரன்ஸ் பாரா, எதுவார் ஜாந்தாஸ் குழுவினர் காட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில் பெற்றோர் சேர்ந்து உருவாக்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்த வகைப் பயிற்சியை ஆசிரியர்களுக்குத் தந்துவருகிறது. பல குறைபாடுகள் சேர்ந்த பிள்ளைகளுக்கு முட்டுக்காட்டில் 2005இல் அமைந்த தேசிய நிறுவனம் இருக்கிறது.

வெளியிலிருந்து வந்த ஓர் அறிவுரையை மட்டும் கைவிட வேண்டும். பேச்சு தாமதமான பிள்ளையின் பெற்றோரிடம் ‘வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், பள்ளியில் இங்கிலீஷ் என்றால் வீட்டிலும் இங்கிலீஷ்’ என்று சொல்லும் வழக்கம் சென்னைப் புறநகர் முழுக்கப் பரவியிருக்கிறது. உடைந்த ஆங்கிலத்தில் அம்மா பிள்ளையிடம் பேசத் தொடங்கி, தாலாட்டும் கதையும் திட்டும் கொஞ்சலும் நின்றுபோகும். எலிசபெத் கே-ரெய்னிங் பேர்ட் 2005இல் கனடாவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளையே ஆராய்ந்தார். இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்கள், ஒரு மொழி மட்டும் கேட்டவர்களைவிடப் பின்தங்கவில்லை. அம்மாவுக்கு நன்றாக வரும் மொழியில் அம்மா பேசட்டும். ஒடியா அம்மாவும்தான்.

ஜூன் மாதச் சேர்க்கையின்போது தாய்மொழி என்ற கட்டத்தில் ‘தமிழ்’ என்று பழக்கத்தில் எழுதிவிடாமல் வீட்டில் பேசும் மொழியைக் கேட்டு எழுதலாம். வேலைக்குப் போகும் அப்பாவிடம் இருபது வீட்டுச் சொற்களைக் கைபேசியில் ஒடியாவில் பேசிப் பதிந்துதரச் சொன்னால், வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநருக்குத் தாய்மொழிச் சோதனை தயார். ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழு கண்ணையும் பல்லையும் பார்ப்பதோடு ஒவ்வொரு காதிலும் விளக்கடித்துப் பார்த்து, சீழ் உள்ளவர்களைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு எழுதி அனுப்பி, போனார்களா என்று கேட்க வேண்டும். சூளை மூடிப் பிள்ளை பலாங்கீருக்குத் திரும்பும்போது அவனுக்கு வந்த எழுத்துகள், வராதவை, காது சோதனை முடிவு மூன்றையும் ஒடியாவிலும் தமிழிலும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினால், அடுத்த சனவரியில் அவன் வேறு சூளைக்கு, வேறு பள்ளிக்குப் போனாலும் அங்கிருக்கும் ஆசிரியை முதலிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்காது.